தனிக்குஞ்சு வளர்ப்பு

பொரிப்பானில் வைத்த கோழிமுட்டைகளில் ஒன்று மட்டும் பொரிந்து, தாயோ கூடப்பிறந்தவையோ இல்லாமல் மனிதர் கையில் வளரும் குஞ்சைத் தனிக்குஞ்சு எனலாம். ஐந்தாறு முட்டை கொள்ளும் சிறு பொரிப்பான்கள் வீடுகளுக்குள் வந்தபின் இந்நிலை அடிக்கடி நேர்கிறது. கோழிமுட்டை பொரிய 21 நாள் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் சீராகக் கிடைக்க வேண்டும். நீண்ட மின்வெட்டும் ஈரப்பதக் குறைவும் கருவை மாய்த்துவிடும். சில முட்டைகள் முதலிலேயே கருக்கூடாதவையாக இருக்கும். தப்பிப் பிறந்த ஒற்றைக் குஞ்சுக்குச் சூடும் தண்ணீரும் தீவனமும் கொடுத்தால் போதும் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் துணையும் அவற்றுக்கு இணையான அடிப்படைத் தேவை என்பதைக் கோழியின் இயல்பு தெளிவாகக் காட்டுகிறது.

குஞ்சின் கூட்டு வாழ்க்கை ஓட்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. பொரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது உள்ளிருந்து குரல் கொடுக்கும். அடைக்கோழி அதற்கு மறுகுரல் கொடுக்கும். வெளிவந்த குஞ்சு, தன் கண்முன் நகரும் பொருளைத் தாயெனப் பற்றிக்கொண்டு பின்தொடர்கிறது. இதை டக்ளஸ் ஸ்பால்டிங் 1873-இல் எழுதிய கட்டுரையில் விவரித்தார். ஏறத்தாழ நான்கு நாள் கண்ணை மூடி வைத்திருந்த குஞ்சுகள், மூடியை எடுத்தபோது அவரைப் பின்தொடராமல் அஞ்சி ஓடியதையும் அவர் பதிவு செய்தார். இந்தப் பற்றுதலை கொன்ராட் லோரன்ஸ் 1935-இல் விரிவாக விளக்கினார். விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். உறவை ஏற்கும் மனம் முதல் சில நாள்களில் எளிதாகத் திறந்திருக்கிறது, பிறகு அச்சம் முந்திக்கொள்கிறது என்பதே இவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு. ஆகவே துணை தேடுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

துணையின் பயன் உடலையும் சார்ந்தது. பிறந்த குஞ்சால் தன் உடற்சூட்டைத் தானே காக்க முடியாது. முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வரை வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைக்கலாம். பல குஞ்சுகள் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துச் சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். தனிக்குஞ்சுக்குச் சூடு தரும் பல்பு போன்ற செயற்கை வெப்பத்தை விட்டால் வேறு வழியில்லை. பொரியுமுன் உடலுக்குள் உள்வாங்கிய மஞ்சள்கரு இரண்டு மூன்று நாள் அதைத் தாங்கும். அதற்குள் தீவனம் கொத்தப் பழக வேண்டும். இன்னொன்று கொத்துவதைப் பார்த்தே குஞ்சு அதிகம் கொத்துகிறது என்பதால், தனிக்குஞ்சுக்கு விரலால் தீவனத்தைத் தட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. தனிமையில் அது எழுப்பும் உரத்த, விடாத கீச்சொலி தாயை அழைக்கும் குரல். கத்திக் கத்தி அது தன் வலுவையே இழக்கிறது.

துணையின்றியும் பறவைகள் வளர்வதில்லையா என்று கேட்கலாம். நிக்கோபார் தீவுகளில் வாழும் மெகாபோடு பறவையின் குஞ்சு, மண்மேட்டுக்குள் பொரிந்து, பெற்றோரைச் சாராமல் தனித்தே பிழைக்கிறது. ஆனால் அது பறப்பதற்கான சிறகுகளோடு பிறக்கிறது. கோழிக்குஞ்சோ வெறும் பஞ்சுத்தூவியோடு, தாயின் இறக்கைக்குள் வளரும்படி அமைந்தது. மனிதரே துணையாகலாமே என்பது அடுத்த வாதம். மனிதர் இரவு முழுவதும் கூடவே இருக்க முடியாது. குஞ்சோடு சேர்ந்து மண்ணைச் சீய்க்கவும் மணலில் குளிக்கவும் முடியாது. மனிதரையே தன் இனமெனக் கொண்டு வளர்ந்த குஞ்சு, பின்னர் மந்தையில் சேரத் திணறும். கண்ணாடி வைத்தால் கீச்சொலி குறையும் என்பது உண்மை. எனினும் பிம்பம் சூடு தராது. ஓரிரு நாள் சமாளிக்க மட்டுமே அது உதவும்.

வெளிக்குஞ்சு நோய் கொண்டுவரும் என்ற அச்சம் நியாயமானது. வெள்ளைக்கழிச்சலும் இரத்தக்கழிச்சலும் குஞ்சுகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லக்கூடியவை. இதற்குத் தீர்வு துணையைத் தவிர்ப்பதன்று, துணையைத் தேர்ந்தெடுப்பது. பெரிய கோழிகளோடு சேராத, தடுப்பூசி போட்ட ஒருநாள் குஞ்சைப் பொரிப்பகத்தில் வாங்கினால் அபாயம் மிகக் குறைவு. திருவிழாக் கடைகளில் விற்கும் சாயமேற்றிய குஞ்சுகளைத் தவிர்க்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்கள் கழித்த சேவற்குஞ்சுகள், பயண அலைச்சலில் நலிந்தவை. நாட்டுக்குஞ்சுக்கு பிராய்லர் துணை பொருந்தாது. ஆறு வாரத்தில் அது பல மடங்கு கனத்துவிடும். வயது வேறுபாடு சில நாளுக்கு மேல் இருந்தால் மூத்தது கொத்தும். அக்கம்பக்கத்தில் அடைக்கோழி இருந்தால், குஞ்சு பொரிந்த ஓரிரு நாளுக்குள் இரவில் அதன் வயிற்றடியில் வைத்துப் பார்க்கலாம். விடிந்ததும் கோழி ஏற்கிறதா, கொத்துகிறதா என்று அருகிருந்து கவனிக்க வேண்டும். அடையில் இல்லாத கோழியிடம் விடவே கூடாது.

ஒன்றுக்கு ஒன்று என்று வாங்காமல் இரண்டு மூன்று குஞ்சுகளாக வாங்குவது நல்லது. ஒன்று இறந்தாலும் மற்றது மீண்டும் தனியாகாது. பொரிப்பானில் முட்டை அடுக்கும் நாளிலேயே, ஒன்று மட்டும் பொரிந்தால் துணைக்குஞ்சு எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்வது வளர்ப்பவரின் கடமை.