பளிங்கில் ஒரு பிரிவு

பொங்கலுக்கு முன் விஸ்வநத்தத்தில் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. சிற்பிகள் விரும்பும் வெள்ளைப் பளிங்கும் இதே பொருள்தான். பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மீண்டும் படிகமாகிப் பளிங்காகிறது.

இந்தப் பளிங்கில் மனிதத் துயரத்தை வடித்த சிற்பம் ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது. சிவகங்கைக் குளத்தருகே 1779இல் கட்டப்பட்ட தேவாலயத்தில் அதைக் காணலாம்.

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஜெர்மானியப் பாதிரியார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். தஞ்சை மன்னர் துளஜா, 1787இல் தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை அவர் பொறுப்பில் ஒப்படைத்தார். 1798 பிப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் மறைந்தார். அதே ஆண்டில் அரியணை ஏறிய சரபோஜி, வளர்த்தவருக்குப் பளிங்கில் நினைவுச் சின்னம் வேண்டுமென 1801இல் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதினார். அப்பணி ஜான் ஃபிளாக்ஸ்மன் (1755-1826) என்ற சிற்பியிடம் வந்தது.

சிற்பத்தில் சுவார்ட்ஸ் படுக்கையில் கிடக்கிறார். சரபோஜி அருகில் நின்று அவர் கையைப் பற்றியிருக்கிறார். தலைமாட்டில் இன்னொரு பாதிரியார். சுற்றிலும் மன்னரின் பணியாளர்களும் பள்ளிச் சிறுவர் மூவரும் நிற்கின்றனர். இதில் சரபோஜியைப் பார்த்தால் மன்னராகத் தோன்றவில்லை. தந்தையைப் பிரியும் மகனாகவே தோன்றுகிறார்.

இத்தனைக்கும் ஃபிளாக்ஸ்மன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே சுவார்ட்ஸ் ஐரோப்பாவை விட்டு வந்துவிட்டார். பிறகு திரும்பவும் இல்லை. காணாதவர்களின் துயரத்தைச் சிற்பி எப்படிச் செதுக்கினார்?

இதற்கு உடற்கூற்றியல் உதவியது. ஃபிளாக்ஸ்மன் பயின்ற லண்டன் ராயல் அகாடமி 1768இல் தொடங்கப்பட்டது. சிற்பம் கற்போருக்கு எலும்பும் தசையும் கற்பிக்க அங்கே தனிப் பேராசிரியர் இருந்தார். ஃபிளாக்ஸ்மன் வரைந்த எலும்பு, தசைப் படங்கள் அவர் மறைவுக்குப்பின், 1833இல் நூலாக வெளிவந்தன.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். இடக்கையைத் தளரவிட்டு மடியில் வையுங்கள். விரல்கள் தாமாகச் சற்று மடிந்து கிடக்கும். இப்போது வலக்கையால் அதை இறுகப் பற்றுங்கள். வலது மணிக்கட்டில் தசைநாண்கள் புடைக்கும். விரல்களை மடக்கும் பெருந்தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்களே மணிக்கட்டைக் கடந்து விரல்களை இழுக்கின்றன. தளர்ந்த கை எது, பற்றும் கை எது என்று முகத்தைப் பாராமலே சொல்லிவிடலாம். பிரிகிறவருக்கும் பிரிய மனமில்லாதவருக்கும் உள்ள வேறுபாடும் இதுதான்.

கல்லும் துணை செய்கிறது. கருங்கல்லிலுள்ள குவார்ட்சின் கடினம் மோஸ் அளவில் 7. பளிங்கின் கால்சைட்டுக்கு 3 மட்டுமே. அதனால் நுண்ணிய மடிப்புகளையும் எளிதாகச் செதுக்கலாம். மேலும், பளிங்கில் விழும் ஒளி சிறிது உள்ளே சென்று, சிதறி வெளிவருகிறது. நம் தோலிலும் அப்படியே நிகழ்வதால்தான் பளிங்கு உருவம் உயிருள்ள உடல்போல் தோன்றுகிறது.

சரபோஜியும் உடலின் அமைப்பில் ஆர்வம் மிகுந்தவர். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், வண்ணப் படங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்லும்போது, பக்கத்திலுள்ள இத்தேவாலயத்துக்கும் சென்று வாருங்கள். முகங்களைப் பார்ப்பதற்கு முன் கைகளைப் பாருங்கள்.