அழுகைக் கோச்சியில் போன பாட்டு

சிலோன் மனோகர் என்று தமிழகம் அறிந்த ஏ.ஈ.மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். மறுநாள் எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் ‘சுராங்கனி’யைப் பற்றியே பேச்சு. அது இளையராஜாவின் பாட்டு என்று இளம் ஆசிரியர் ஒருவர் சாதித்தார். 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அது இடம்பெற்றது உண்மையே. ஆனால் அதற்கு முன்னரே இலங்கை மேடைகளில் மனோகரன் பாடிப் பேர்பெற்ற பைலா அது. அந்த இளைஞரைக் குறைசொல்லிப் பயனில்லை. நாம் எழுதி வைத்தால்தானே அவருக்குத் தெரியும்!

இலங்கைத் தமிழ்ப் பொப் இசை அறுபதுகளின் பிற்பகுதியில் தலையெடுத்து எழுபதுகளில் உச்சம் கண்டது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ஆகியன நாடெங்கும் ஒலித்தன. திருகோணமலையிலிருந்து பரமேஷ் பாடினார். இவர்கள் பலருக்கும் அடித்தளம், போர்த்துக்கேயர் காலத்தில் ஆபிரிக்கரோடு கரையேறிய தாளம். சிங்களத்தில் அதைப் பைலாவாக ஜனரஞ்சகமாக்கியவர் வொலி பஸ்தியன்ஸ். 1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடும் உள்ளூர்ப் பாட்டுக்கு மறைமுகமாக இடம்விட்டது என்பது என் அபிப்பிராயம். இலங்கை வானொலியில் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலோடு லயக்காம்பிராக்களிலும் பொழுது போனது.

ஆனால் இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் தோட்டத்து மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களாக மட்டுமே காட்டுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் 1972இல் ஐந்து இளைஞர்கள் ஓர் இசைக்கோஷ்டி வைத்திருந்தார்கள். ஒரு கிற்றார், ஓர் ஆர்மோனியம், பொங்கோஸ், இரண்டு பாடகர்கள். கிற்றார்க்காரரும் பொங்கோஸ்காரரும் இன்றும் அதே தோட்டத்தில் இருக்கிறார்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. மனோகரன் மறைந்த அந்த வாரமே அவர்களைத் தேடிப் போனேன்.

பொங்கோஸ்காரர் தப்படித்த பரம்பரை. விடிகாலையில் பெரட்டுக்கு ஆள்கூட்டத் தப்பு முழங்கிய காலத்தில் அவருடைய பாட்டனார்தான் அந்தத் தோட்டத்தை எழுப்பியவர். காமன்கூத்துக்கும் அவர்கள்தான், சாவு வீட்டுக்கும் அவர்கள்தான். மாரியம்மன் திருவிழாவில் கோஷ்டி முதன்முதல் ஏறியபோது, சாவுக்கு அடிக்கிற கை மேடையில் தெரியக்கூடாது என்று பெரியவர்கள் சிலர் சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் முழுக் கச்சேரியையும் அவர் திரைக்குப் பின்னால் குந்தியிருந்து வாசித்தார். மறுவருடம் அதே பேச்சு எழுந்தபோது ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்த டவுன் நானா வயரைச் சுருட்டத் தொடங்கினாராம். “அவரு மேடைக்கு வராட்டி மைக்கும் வராது” என்றாராம். அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

“பைலாவ நாங்க படிக்கவேயில்ல சேர்” என்றார் பெரியவர். “சிக்ஸ் எயிட்டுன்னு இவன் சொன்னான். எங்கப்பன் அடிச்ச அடிக்கு அதுதான் பேருன்னு அன்னைக்கித்தான் தெரியும்.” சொல்லிக்கொண்டே வாங்குப் பலகையில் தட்டிக் காட்டினார். தப்பும் பைலாவும் ஒரே தாளம் என்று நான் வாதிட வரவில்லை. அந்த விரல்களுக்கு இரண்டும் அந்நியமாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மற்றவர் பாட்டை மட்டும் அவர்கள் பாடவில்லை. 1973–74 பஞ்சத்தில் மாவுக்கு வரிசையில் நின்றதைப் பற்றி மூத்த பாடகர் ஒரு பாட்டுக் கட்டினார். மெட்டு கிற்றார்க்காரருடையது. எந்தத் திருவிழாவிலும் அதைத்தான் இரண்டு தரம் கேட்பார்களாம்.

கோஷ்டிகள் உடைவது புதினமல்ல. பணத்தாலும் பேராலும் உலகெங்கும் உடைகின்றன. இந்தக் கோஷ்டி பாஸ்போட்டால் உடைந்தது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட சனத்தை இரண்டு நாடுகளும் பங்குபோட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஆர்மோனியக்காரர் குடும்பத்துக்கு 1975இல் பயணம் வந்தது. மறுவருடம் இளைய பாடகர். மூத்த பாடகர் 1978இல் போனார்.

தலைமன்னாருக்குக் கொண்டுபோன அந்த ரயிலை எங்கள் பக்கம் அழுகைக் கோச்சி என்பார்கள். அட்டன் ஸ்டேசனில் மூன்று முறையும் மிஞ்சியவர்கள் வழியனுப்பப் போயிருக்கிறார்கள். மூன்றாம் முறை கிற்றார் கொண்டுபோகவில்லை. 1977 ஓகஸ்ட் கலவரத்தில் லயத்தோடு அது எரிந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று வாங்க அவர் நினைக்கவேயில்லை. யாருக்கு வாசிப்பது?

மூத்த பாடகரிடமிருந்து கூடலூரிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை, குளிரும் இங்கே மாதிரித்தான் என்று எழுதியிருந்தாராம். 1984இல் கப்பலும் நின்றது.

மாவுப் பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னேன். கிற்றார்க்காரர் மெட்டை முனகினார். பொங்கோஸ்காரர் தட்டினார். முதலடியில் பாதி வந்தது, பிறகு நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சொல்லெல்லாம் அவன்கிட்டத்தான் இருந்திச்சு” என்றார் கிற்றார்க்காரர். ஐந்து பேரும் பாடசாலையை இடையில் விட்டவர்கள். பாட்டை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

முனகலும் தட்டலுமாக ஒன்றரை நிமிடம் என் தொலைபேசியில் பதிந்திருக்கிறது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் உறவுள்ள வாசகர் எவராவது கேட்டால் அனுப்பி வைப்பேன். அங்கே யாருக்காவது அந்த அடிகள் மிச்சமிருக்கலாம்.