நெல்லுச்சோறு என்றொரு சொல்: தருமபுரியில் களியும் அரிசியும்

தருமபுரிப் பக்கத்து முதியவர்கள் பேச்சில் ‘நெல்லுச்சோறு’ என்ற சொல் இன்னும் காதில் விழும். அரிசிச் சோற்றுக்கு அடைமொழி தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இந்தச் சொல்லே சாட்சி. வெறும் சோறு என்றால் அது சாமையாகவும் இருக்கலாம், வரகாகவும் இருக்கலாம். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வந்துபோன நெல்லைத்தான் பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டியிருந்தது. இன்று சோறு என்றாலே அரிசி. அடைமொழி சாமையின் தலைக்கு மாறிவிட்டது. மக்களின் நாக்கு மாறியதால் தட்டு மாறியது என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். நாக்கைவிட ரேஷன் கடைக்கே இதில் பெரிய பங்கு என்று கருத இடமிருக்கிறது.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். காவிரி ஒகேனக்கல்லில் இந்த மாவட்டத்தைத் தொடுகிறது. ஆனால் ஆழமான பாறைப் பள்ளத்தில் ஓடி, 1934இல் முடிந்த மேட்டூர் அணையில் தேங்கி, தஞ்சை வயலுக்குப் போய்விடுகிறது. மேட்டுநிலத்துக்கு மிஞ்சுவது ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழையும் செம்மண்ணும்தான். அதில் நம்பி விதைக்கக்கூடியது ராகி, அதன் ஊடே அவரை, மலைச்சரிவில் சாமை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வரும்வரை பாராமகால் என்ற இப்பகுதி மைசூர் அரசோடு இருந்தது. அந்த அரசியல் தொடர்பு அறுந்தும் அடுப்புத் தொடர்பு அறவில்லை. இங்கே களி, மைசூரில் முத்தே, ராயலசீமையில் சங்கட்டி: மூன்று மொழி, ஒரே உருண்டை. வேறுபாடு நுணுக்கத்தில் இருக்கிறது. மைசூரில் பெரும்பாலும் மாவு மட்டுமே; இங்கே நொய்யரிசியைக் குழைய வேகவிட்டு, அதன்மேல் ராகி மாவைக் கொட்டி, மூடிப் புழுங்கவைத்து, பிறகு பானையை அசையாமல் பிடித்துக்கொண்டு துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டுவார்கள். கையை நனைத்து உருட்டிய களியின் நடுவில் குழி செய்து கீரைக் கடைசலையோ கருவாட்டுக் குழம்பையோ ஊற்றினால் சாப்பாடு தயார். தமிழர் உணவு என்று நாம் வரையும் படம் ஆற்றுப்படுகையில் நின்று வரைந்தது. அதில் இந்த உருண்டைக்கு ஓரத்தில்கூட இடமில்லை.

பழைய தானிய வாழ்வைப் பொற்காலமாக்குவதும் பிழை. 1876–78 பஞ்சத்தில், தருமபுரியை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் இருந்த சுமார் 19.6 லட்சத்திலிருந்து 1881இல் 16 லட்சமாகச் சரிந்தது. வறட்சியைத் தாங்கும் பயிருக்கும் ஓர் எல்லை உண்டு. அரிசி மீதான ஏக்கத்தில் பசியின் நினைவும் கலந்திருந்தது.

‘அப்படியானால் மக்கள் விரும்பித்தானே மாறினார்கள்?’ என்று கேட்கலாம். விருப்பம் பழையது, மாற்றம் புதியது. தலைமுறைகளாக இருந்த ஆசை, அரிசி மலிந்த பிறகுதான் அன்றாடமாயிற்று. ரேஷன் அரிசி 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. தன் காட்டில் விளைந்த ராகியை விற்றுவிட்டு, விலையில்லா அரிசியை உலையிலிடுவது ஒரு குடியானவருக்கு எளிய கணக்கு. அடுத்த மறுப்பு வலுவானது: விடியுமுன் திருகைக்கல்லில் ராகி அரைத்த பெண்களின் உழைப்பு. இதை ஒதுக்க முடியாது. எனினும் மாவு மில் வந்ததும் ராகிக்கு அந்தச் சுமை குறைந்தது. ஆகவே உழைப்பு ஒன்றே காரணமென்றால் களி அரிசிக்கு ஈடாக நின்றிருக்க வேண்டும். உமி நீக்கும் வசதி ஊருக்குள் நெடுநாள் எட்டாத சாமைக்குத்தான் இந்த விளக்கம் சரியாகப் பொருந்தும். இந்தியா முழுவதும் ராகியைவிடச் சாமை, வரகு முதலியவற்றின் பரப்பு வேகமாகச் சுருங்கியதும் அதனோடு ஒத்துப்போகிறது.

2023இல் அரசு இதே கடையை மறுதிசையில் திருப்பிப் பார்த்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடம் ராகியை ஆதரவு விலையில், குவிண்டாலுக்கு 3,578 ரூபாய்க்குக் கொள்முதல் செய்து, தருமபுரி, நீலகிரி அட்டைதாரர்களுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டம் தொடங்கியது. கடைக்குத் தட்டை மாற்றும் வலிமை உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டதாக இதை வாசிக்கலாம். அளவுதான் இடிக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு நூறு கிராம் மாவு என்று வைத்தாலும், நால்வர் உள்ள வீட்டில் அது மாதத்துக்கு ஐந்து வேளைக் களி.