வெத்தேய் தோட்டத்துச் சூரியகாந்திகள்

திருச்செங்கோட்டு மலையை நாள்தோறும் காண்பவர் நாம். வைகறையில் அது கருநீலம். ஞாயிறு எழுந்ததும் பெயருக்கேற்ற செம்மை. உச்சிப்பொழுதில் வெளிறிய சாம்பல். மலை ஒன்றே, மாறுவது ஒளி. இவ்வெளிய உண்மையைத் தம் கலைக்கு அடித்தளமாக்கினர் பிரெஞ்சு ஓவியர் சிலர். 1874ஆம் ஆண்டு பாரிசில் அவர்கள் முதற் கண்காட்சி நடத்தியபோது, கிளோது மொனே என்பார் எழுஞாயிறு ஓவியத்திற்கு இட்டிருந்த தலைப்பைப் பற்றிக்கொண்டு இதழாளர் ஒருவர் எள்ளி நகையாடினார். அந்த ஏளனமே 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்னும் நிலைத்த பெயராயிற்று. அந்தியோக்கியாவில் பிறர் இட்ட பெயரைத்தானே நாமும் பெருமையுடன் தாங்கி நிற்கிறோம்!

மொனே 1878இல் வறுமையோடும் நோயுற்ற மனைவி கமீயோடும் சேன் ஆற்றங்கரையிலுள்ள வெத்தேய் என்னும் சிற்றூரில் குடியேறினார். 1870இல் அவர்கள் செய்துகொண்டது அரசுப் பதிவுத் திருமணமே. 1879 ஆகஸ்டு இறுதியில், நோய் முற்றிய நிலையில், அம்மணம் திருச்சபை முறைப்படி நிறைவு பெற்றது. கமீ இறுதி அருள்சாதனங்களையும் பெற்றார். செப்டம்பர் 5ஆம் நாள், தமது 32ஆம் வயதில், இரு புதல்வரை விட்டுப் பிரிந்தார். அடகில் கிடந்த பதக்கம் ஒன்றை மீட்டு அனுப்புமாறு மொனே நண்பருக்கு எழுதினார். மனைவியின் கழுத்தில் அதை அணிவித்து வழியனுப்ப விரும்பினார்.

அவர் அந்த முகத்தையும் ஓவியமாகத் தீட்டினார். அன்புக்குரிய முகத்தில் சாவு படரவிட்ட நீலத்தையும் மஞ்சளையும் சாம்பலையும் தம் கண் தன்னையறியாமல் அளந்துகொண்டிருந்ததைப் பின்னாளில் நண்பர் கிளமான்சோவிடம் வேதனையோடு கூறினார். இது கல்நெஞ்சமா? தீர்ப்பிட நாம் தயங்குகிறோம். மரணப் படுக்கைகளின் அருகே செபம் நம் வாயிலும் சிந்தை வேறெங்கோவும் இருந்த வேளைகள் நமக்கும் உண்டு.

ஈராண்டுகள் சென்றன. 1881இல் அதே வெத்தேயில் மொனே தம் தோட்டத்தை வரைந்தார். இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள அப்படத்தில், இருபுறமும் ஆளுயரத்தை விஞ்சிய சூரியகாந்திகள். நடுவே வீடு நோக்கி ஏறும் பாதை. நீல வெண் பூந்தொட்டிகள். பாதையில் சிறு குழந்தைகள். தாயின் சாவைக் கண்ட ஊரிலேயே பூத்த தோட்டம் அது. பின்னர் 1883இல் ஜிவெர்னி சென்று, 43 ஆண்டுகள் மண்ணைக் கொத்தியும் மலர்களை வரைந்தும் வாழ்ந்தார்.

ஆண்டவர் சிலுவையில் அறையுண்ட இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது என்றும், கல்லறை அதனுள்ளே இருந்தது என்றும் எழுதுகிறார் யோவான். அங்கே அழுதுநின்ற மகதலா மரியா, உயிர்த்தவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார். கண்ணீர் மறைத்த கண்ணுக்கும் அவர் தோட்டக்காரராகவேனும் தென்பட்டார்!

மொனேயை நம் புனிதர் வரிசையில் சேர்க்க நாம் முயலவில்லை. 1926இல் அவர் விருப்பப்படியே சமயச் சடங்கின்றி அடக்கம் நிகழ்ந்தது. ஆயினும், கல்லறைத் திருநாளில் நாம் தூவும் பூக்கள் மாலைக்குள் வாடிவிடுகின்றன. இழந்தவர்பொருட்டு ஒரு செடியை நட்டு, நாள்தோறும் நீரூற்றும் பொறுமையை அத்தோட்டத்திடமிருந்து நாம் கற்கலாகாதா?