கப்பலின் பழைய பெயர் என்ன?

2022 ஜூன் 4-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்பிரஸ் என்ற சொகுசுக் கப்பல் புறப்பட்டது. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து வழியனுப்பினார். நடுக்கடல்வரை போய்த் திரும்ப இரண்டு நாள், விசாகப்பட்டினம்வரை போய்த் திரும்ப ஐந்து நாள் என்று டிக்கெட்டுகள் விற்பனைக்கு வந்தன. கப்பலை நடத்திய கார்டீலியா நிறுவனம் மும்பையில் தன் முதல் பயணத்தைத் தொடங்கி அப்போது ஓர் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

ரயிலும் பேருந்தும் நமக்குக் கைவந்த பழக்கம். விமானமும் பழகிவிட்டது. ஆனால், பெயரே புதிதான ஒரு கம்பெனிக்கு முன்பணம் கட்டி, பிள்ளைகளையும் வயதான தாய் தந்தையையும் கூட்டிக்கொண்டு, கரை கண்ணுக்கு மறையும் தூரத்துக்குப் போவதென்றால் யாருக்கும் வயிற்றைப் பிசையத்தான் செய்யும். இந்தத் தயக்கம் நேற்று வந்ததல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல் கம்பெனிகளும் அரசுகளும் இதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்தப் பதில்களில் சில விளம்பரமாக வந்தவை, சில சட்டமாக வந்தவை. சட்டமாக வந்தவற்றுக்குப் பின்னால் எப்போதும் சாவு இருந்தது.

தமிழர்களுக்குக் கடல் பயணம் புதிதல்ல. கிளாஸ்கோவில் 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா என்ற நீராவிக் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிச்செல்லும் இடம் அதில் இருந்தது. நாகையில் ஆழத் துறைமுகம் இல்லாததால் கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். டெக்கில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்ட அந்தக் குடும்பங்கள் கம்பெனியைப் பற்றித் துருவி விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் யாராவது ஒருவர் அதே கப்பலில் போய்த் திரும்பியிருப்பார். சித்தப்பாவோ மச்சானோ சொன்ன சொல்லே அத்தாட்சி. ரஜூலாவுக்குப் பிறகு அந்த வழித்தடத்தில் ஓடிய எம்.வி.சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பல உயிர்கள் போயின. அத்தோடு அந்தப் போக்குவரத்தும் முடிந்தது, போய்வந்த உறவினரின் சொல் என்ற அத்தாட்சியும் நம் ஊர்களில் அறுந்துபோனது. சிதம்பரமும் புதுக்கப்பலாக நம்மிடம் வந்ததல்ல. பாஸ்தர் என்ற பெயரில் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றிடம் ஓடிய கப்பல் அது.

வேலைக்காகவோ வணிகத்துக்காகவோ இல்லாமல், ஊர் பார்ப்பதற்கென்றே கப்பலேறும் வழக்கம் ஐரோப்பாவில் தொடங்கியது. 1844-ல் பி அண்ட் ஓ கம்பெனி மத்தியதரைக் கடல் சுற்றுலாவை விளம்பரப்படுத்தியபோது, எழுத்தாளர் தாக்கரேக்கு இலவச டிக்கெட் கொடுத்து அனுப்பியது. அவர் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். 1867-ல் நியூயார்க்கிலிருந்து குவேக்கர் சிட்டி என்ற கப்பல் ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் சுற்றுலா கிளம்பியது. கட்டணம் 1,250 டாலர். ஆள்களைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு இருந்தது. புகழ்பெற்ற மதபோதகர் ஹென்றி வார்டு பீச்சரும், உள்நாட்டுப் போரின் தளபதி ஷெர்மனும் வருவார்கள் என்று சொல்லப்பட்டது. இருவருமே வரவில்லை. வந்தவர் மார்க் ட்வைன் என்ற இளம் பத்திரிகையாளர். பெரிய பெயரைக் காட்டித் தயக்கத்தைப் போக்கும் உத்தி அன்றைக்கே இருந்தது. அதை நம்பிப் பணம் கட்டியவருக்குப் புகாரும் இருந்திருக்கும்.

இந்தத் தயக்கத்துக்கு நாணயமான பதில் ஒன்று ஜெர்மனியிலிருந்து வந்தது. ஹாம்பர்க் நகரின் ஹபாக் கம்பெனியில் பொறுப்பில் இருந்த ஆல்பர்ட் பாலினுக்குக் குளிர்காலம் ஒரு தலைவலி. வட அட்லாண்டிக் கடல் அப்போது சீறும், பயணிகள் குறைந்துவிடுவார்கள், விலையுயர்ந்த கப்பல்கள் சும்மா நிற்கும். அவற்றில் ஒன்றான ஆகஸ்டா விக்டோரியாவை வெயில் அடிக்கும் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பலாம் என்றார் அவர். சக அதிகாரிகளுக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. 1891 ஜனவரி 22-ம் தேதி குக்ஸ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து 241 பயணிகளோடு கப்பல் கிளம்பியது. ஏறத்தாழ இரண்டு மாதப் பயணம். பாலின் கரையில் நின்று கையசைக்கவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு தானும் ஏறினார். விற்கிறவன் தன் குடும்பத்தோடு ஏறுகிறான் என்பதைவிடப் பெரிய உத்தரவாதத்தை அந்தக் காலத்தில் யாரும் தந்திருக்க முடியாது.

பாலினின் கணக்கு இன்றும் மாறவில்லை. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மும்பைக் கப்பலுக்கு வேலையில்லை. வங்கக் கரைக்கு வந்தால் வேலை உண்டு. 2022 ஜூனில் எம்பிரஸ் சென்னைக்கு வந்தது அப்படித்தான்.

சுற்றுலாவுக்கென்றே கப்பல் கட்டத் துணிந்தவரும் பாலின்தான். 1900-ல் நீரில் இறக்கப்பட்ட அந்த பிரின்ஸஸின் விக்டோரியா லூயிஸ 1906 டிசம்பரில் ஜமைக்கா கரையருகே பாறையில் ஏறியது. பயணிகள் அனைவரும் தப்பினார்கள். கேப்டன் தன் அறைக்குப் போய்த் தன்னையே சுட்டுக்கொண்டார்.

அடுத்த பெரிய திருப்பத்தை விமானம் கொண்டுவந்தது. 1958-ல் அட்லாண்டிக்கைக் கடலில் கடந்தவர்களைவிட வானில் கடந்தவர்கள் அதிகமானார்கள். மாபெரும் பயணிகள் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலைக்கு வந்தன. சிறிய கம்பெனிகள் அவற்றை வாங்கி, வண்ணம் பூசி, பெயர் மாற்றி, சுற்றுலாவுக்கு விட்டன. நடுத்தரக் குடும்பங்கள் முதன்முறையாகக் கப்பலேறத் தொடங்கிய காலம் இதுவே. அவர்கள் பார்த்தது புதுப் பெயரையும் புது வண்ணத்தையும் மட்டுமே.

1963 டிசம்பர் 19-ம் தேதி இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து லகோனியா என்ற கப்பல் கிறிஸ்துமஸ் சுற்றுலாவாகக் கேனரி தீவுகளுக்குப் புறப்பட்டது. 646 பயணிகள். கப்பல் கிரீக் லைன் கம்பெனிக்குக் கைமாறியது அதே ஆண்டில்தான். உண்மையில் அது 1930-ல் ஓடத் தொடங்கிய டச்சுக் கப்பல். யோஹான் ஃபான் ஓல்டன்பார்னஃபெல்ட் என்பது பழைய பெயர். 22-ம் தேதி இரவு, மதெய்ரா தீவுக்கு வடக்கே, கப்பலின் முடிதிருத்தும் நிலையத்தில் தீப்பிடித்தது. உயிர்காப்புப் படகுகளை ஒழுங்காக இறக்க முடியவில்லை. 128 பேர் இறந்தார்கள்.

இரண்டே ஆண்டுகளில் அதைவிட அப்பட்டமான இன்னொரு சம்பவம் நடந்தது. மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்கு ஓடிய யார்மவுத் காஸில், 1927-ல் எவாஞ்சலைன் என்ற பெயரில் கட்டப்பட்டது. பனாமாக் கொடி. மேல்கட்டுமானத்தில் நிறைய மரவேலை, அதன்மேல் பல்லாண்டு காலப் பெயின்ட். 1965 நவம்பர் 13 அதிகாலையில், மெத்தைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் அடைத்துவைத்திருந்த 610-ம் எண் அறையில் தீ கிளம்பியது. அந்த அறையில் தண்ணீர் தெளிப்பான் இல்லை. வயர்லெஸ் அறையும் எரிந்ததால் அபாயச் செய்தி போகவே இல்லை. நெருப்பைப் பார்த்து ஃபின்பல்ப், பஹாமா ஸ்டார் ஆகிய இரண்டு கப்பல்கள் விரைந்து வந்தன. முதலில் ஃபின்பல்ப்பை வந்தடைந்த படகில் யார்மவுத் காஸிலின் கேப்டனே இருந்தார். உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் சிப்பந்திகள். ஃபின்பல்ப்பின் கேப்டன் அவரை மீண்டும் எரியும் கப்பலுக்கே திருப்பி அனுப்பினார். விடியும் வேளையில் கப்பல் மூழ்கியது. 90 பேர் இறந்தார்கள்.

டிக்கெட் வாங்கியபோது அந்தப் பயணிகளுக்கு எது மறைக்கப்பட்டது என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. கப்பலின் வயது, அதன் முந்தைய பெயர், எந்த நாட்டின் விதிகளின்படி அது ஓடுகிறது என்பதெல்லாம் விளம்பரத்தில் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் மறு ஆண்டே, 1966 நவம்பரில், ஒரு சட்டம் இயற்றியது. கப்பல் எந்த நாட்டில் பதிவானது, எந்தப் பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டது என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். அதோடு, ஐம்பதோ அதற்கு மேலோ பயணிகளைப் படுக்கை வசதியோடு ஏற்றும் கம்பெனி, பயணம் நடக்காமல் போனால் பணத்தைத் திருப்பித் தரவும், உயிருக்கோ உடலுக்கோ கேடு வந்தால் ஈடு கட்டவும் வல்லது என்று முன்கூட்டியே அரசிடம் நிரூபிக்க வேண்டும். தெரியாத கம்பெனியிடம் ஒரு குடும்பத்துக்குள்ள இரண்டு பயங்களான உயிரும் பணமும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றன. சர்வதேச விதிகளும் இறுகின. எளிதில் தீப்பிடிக்கும் மரத்தை வைத்துப் பயணிகள் கப்பல் கட்டும் காலம் முடிவுக்கு வந்தது.

புதிய கம்பெனி என்பதாலேயே அதை ஒதுக்க வேண்டியதில்லை. 1972 மார்ச் 11-ம் தேதி மயாமியில் கார்னிவல் என்ற புத்தம் புதிய கம்பெனி தன் முதல் கப்பலை விட்டது. மார்டி கிரா என்ற அந்தக் கப்பலும் பழையதே. எம்பிரஸ் ஆஃப் கனடா என்ற பெயரில் முன்பு அட்லாண்டிக்கில் ஓடியது. டிக்கெட் விற்கும் ஏஜென்ட்டுகள் பலரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய முதல் நாளே, துறைமுக வாயிலைத் தாண்டும்போது மணல் திட்டில் தரைதட்டி நின்றது. கடன் ஏறியது. நிறுவனர் டெட் அரிசன் 1974-ல் அந்தக் கம்பெனியை ஒரே ஒரு டாலருக்கு, கடன்களோடு சேர்த்துத் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டார். இன்று உலகின் மிகப்பெரிய சுற்றுலாக் கப்பல் குழுமம் அது.

பழைய பெயரும் பெரிய பெயரும் மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. அதே குழுமத்தைச் சேர்ந்த கோஸ்டா என்ற இத்தாலியக் கம்பெனியின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெனோவாவில் இருக்கிறது. அதன் கோஸ்டா கன்கார்டியா 2012 ஜனவரி 13-ம் தேதி இரவு ஜிலியோ தீவின் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் பலியானார்கள். அன்று மாலை சிவிடவெக்கியா துறைமுகத்தில் ஏறியவர்களுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி இன்னும் தரப்படவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் தந்தால் போதும் என்பதே அன்றைய விதி. அதனால் கம்பெனி விதியை மீறியதாகக்கூடச் சொல்ல முடியாது. 2015 ஜனவரி முதல் அந்த விதி மாறியது. இப்போது கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும்.

கம்பெனிகள் பெயர் மாற்றும் விளையாட்டுக்கும் ஒரு முடிவு வந்திருக்கிறது. ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் உண்டு. கொடி மாறினாலும், உரிமையாளர் மாறினாலும், பெயர் பத்து முறை மாறினாலும் அந்த எண் மாறாது. 1996 முதல் பயணிகள் கப்பல்களுக்கு இது கட்டாயம். அந்த எண்ணை வைத்துத் தேடினால் சென்னைக்கு வந்த எம்பிரஸின் முழு வாழ்க்கையும் கிடைக்கும். 1990-ல் பிரான்ஸின் சான் நசேரில் ராயல் கரீபியன் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. மூன்று, நான்கு நாள் குறும்பயணங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. முதல் பெயர் நார்டிக் எம்பிரஸ். 2004-ல் எம்பிரஸ் ஆஃப் த சீஸ் ஆனது. 2008-ல் ஸ்பெயினின் புல்மந்தூர் கம்பெனிக்குப் போனது. 2016-ல் பழைய முதலாளியிடம் திரும்பியது. கொரோனா காலத்தில் விற்கப்பட்டு இந்தியாவுக்கு வந்தது. இந்த வரலாற்றில் அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை. ஆனால், இதைத் தெரிந்துகொண்டு ஏறுவது பணம் கட்டுகிறவரின் உரிமை.

பணத்தின் கதையும் சமீபத்தில் ஒருமுறை நினைவூட்டப்பட்டது. 1993-ல் தொடங்கி ஆசியாவில் பல குடும்பங்களுக்குக் கப்பல் சுற்றுலாவைப் பழக்கிய ஸ்டார் குரூஸஸின் தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் திவாலானது. அந்தக் குழுமத்தின் கிரிஸ்டல் சிம்பொனி அதே மாதம் பயணிகளோடு மயாமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, எரிபொருள் பாக்கிக்காக அதைப் பறிமுதல் செய்ய நீதிமன்ற ஆணை காத்திருந்தது. கப்பல் பஹாமாஸ் பக்கம் திரும்பியது. பயணிகள் அங்கிருந்து வேறு படகில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். பயணத் திட்டத்தில் அச்சடித்த துறைமுகமும் உறுதியல்ல. 2022 ஜூனில் எம்பிரஸின் திட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. அங்கே அரசு அனுமதி தரவில்லை, பயணிகள் இறங்கவில்லை.

முதல் கப்பல் பயணத்துக்குத் தயாராகும் வீட்டில் சாப்பாடு என்ன, நீச்சல் குளம் உண்டா, பிள்ளைகளுக்கு என்ன கேளிக்கை என்ற கேள்விகள் தாமாகவே வந்துவிடும். அவை வரட்டும், விடுமுறைதானே. அவற்றோடு இவற்றையும் டிக்கெட் விற்பவரிடம் கேளுங்கள். கப்பலின் ஐ.எம்.ஓ. எண் என்ன? எந்த ஆண்டில் கட்டியது, எந்த நாட்டில் பதிவு? துறைமுகம் தவறினாலோ பயணம் ரத்தானாலோ பணம் எத்தனை நாளில் திரும்பும், அதை எழுத்தில் தருவார்களா? கப்பலில் ஏறிய பிறகு பெட்டியைப் பிரிப்பதற்கு முன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேபின் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த இடம்வரை ஒருமுறை எல்லோரும் சேர்ந்து நடந்து போய்வாருங்கள்.