வளவிலிருந்து தொடர்மாடிக்கு: இலங்கையில் கழிவும் நிலமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுசரிவில் அமைந்திருந்த பல்லேகம என்னும் சிறு நகரம் இன்று நீருக்கடியில் உள்ளது. களுகங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டு அது கைவிடப்பட்டது. (களுத்துறையிற் கடலோடு கலக்கும் களுகங்கை வேறு, நாம் இங்குக் குறிப்பிடுவது அம்பன் கங்கையோடு சேரும் ஆற்றையே.) பல்லேகமவிலிருந்த அலுவலகங்களுக்கும் கடைத்தெருவுக்கும் பதிலாக அமைக்கப்பட்ட புதிய லக்கல நகரம் 2018 ஜனவரி 8 ஆம் திகதி மக்களிடம் கையளிக்கப்பட்டது. 'பசுமை நகரம்' என்ற அடைமொழியோடு அது அறிமுகப்படுத்தப்பட்டமை பலருக்கு நினைவிருக்கலாம்.

ஓர் ஊர் இடம்பெயரும்போது வீடு, வயல், தென்னை, பலா ஆகியவை இழப்பீட்டுக் கணக்கில் இடம்பெறும். வளவின் மூலையிலிருந்த குப்பைக்கிடங்கை எவரும் கணக்கெடுப்பதில்லை. ஆயின் கழிவு பற்றிய சமூக வரலாற்றை எழுத முற்படும் எவரும் அந்த மூலையிலிருந்தே தொடங்கவேண்டியுள்ளது. ஏனெனில் இன்று நகரங்களிலே தொடர்மாடி வாசிகள் எதிர்நோக்கும் பிரச்சினை, அதாவது பழைய மெத்தையை எங்கே போடுவது, தீர்ந்த பற்றறியை யாரிடம் கொடுப்பது என்னும் பிரச்சினை, அந்த மூலை இல்லாமற் போனதன் விளைவாகும்.

தமிழிற் 'குப்பை' என்னும் சொல்லின் வரலாறு இங்கு மனங்கொள்ளத்தக்கது. பழைய வழக்கிலே குவியல் என்பதே அதன் பொருள், நெற்குவியலும் குப்பையே. உழவர் வழக்கில் இன்றும் அது எருவைக் குறிக்கின்றது. உழவதிகாரத்திலே எருவிடுதலை ஏரோட்டுதலுக்கும் மேலாக வைத்த வள்ளுவரின் காலத்துச் சமூகத்திற்கு, வீசியெறியும் பொருள் என ஒன்று பெரிதாக இருந்திருக்க முடியாது. சாம்பல், சாணம், உமி, உணவு மிச்சம் என்பன மீண்டும் மண்ணுக்கே சென்றன. உடைந்த மரப்பொருள் அடுப்புக்குச் சென்றது. சிங்களக் கிராமமாயினும் தமிழ்க் கிராமமாயினும் இதில் வேறுபாடில்லை. இதனைப் பொற்காலமாக வர்ணிப்பது எமது நோக்கமன்று. வறுமையும் தொற்றுநோயும் அக்கிராமங்களிலே மலிந்திருந்தன. மேலும், பசுமைப் புரட்சியோடு கிருமிநாசினிப் போத்தல்கள் வயல் வரம்புகளுக்கு வந்துவிட்டன. எனினும், ஒரு வீட்டின் கழிவை அந்த வீட்டின் நிலமே ஏற்றது என்ற பொருளாதார உறவு அங்கே நிலவியது.

இவ்வுறவு நகரத்திலே முறிந்தது. கொழும்பு, கண்டி ஆகிய நகரங்களுக்கு 1865 இல் மாநகர சபைகள் அமைக்கப்பட்டன. தோட்டப் பொருளாதாரத்தின் துறைமுகமாகவும் கிடங்காகவும் வளர்ந்த கொழும்பிலே தொழிலாளர் குடியிருப்புகள் நெருக்கமுற்றன. 1914 இற் கொள்ளைநோய் அந்நகரத்தை அடைந்ததும், மறுவருடமே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் நிறைவேற்றப்பட்டதும் தற்செயலானவை அல்ல. ஆளும் வர்க்கம் வறியோரின் குப்பையைப் பற்றிக் கவலைகொள்ளத் தொடங்குவது, அதிலிருந்து புறப்படும் எலி தன் வாசலுக்கும் வரும் என்று அறிந்தபோதுதான்.

இக்காலத்தை அடுத்து உருவான சட்டங்களில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வருகின்றது. 1939 ஆம் ஆண்டின் நகர சபைகள் கட்டளைச்சட்டத்தில் 118 முதல் 120 வரையான பிரிவுகளிலும், 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச்சட்டத்தில் 129 முதல் 131 வரையான பிரிவுகளிலும், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 93 முதல் 95 வரையான பிரிவுகளிலும் ஏறத்தாழ ஒரே ஏற்பாடுகளைக் காணலாம். தெருக்களைக் கூட்டிக் கழிவை அகற்றுவது சபையின் கடமை. சேர்க்கப்பட்ட கழிவு சபையின் சொத்து. அதனைப் போடுவதற்கு வசதியான இடங்களைச் சபை வழங்கவேண்டும். அதனாற் பொதுத்தொல்லை ஏற்படாது காக்கவேண்டும். இவற்றுள் 'சொத்து' என்ற சொல்லும் 'வசதியான' என்ற சொல்லும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. எருவாக விற்கக்கூடிய பொருளாகவே கழிவைக் கருதிய காலத்தின் சட்டம் இது. எனவேதான் அதனைச் சொத்து என்றது. எவருக்கு வசதியான இடம் என்று அது சொல்லவில்லை. அந்த மௌனத்தை வரலாறு நிரப்பிய விதத்தையே இனி நோக்கவேண்டும்.

முதலாவதாக, அது மனிதரைக் கொண்டு நிரப்பப்பட்டது. வாளி மலகூடங்களைத் துப்புரவாக்கவும் தெருக் கூட்டவும் தமிழகத்திலிருந்து தாழ்த்தப்பட்ட சாதியினர், சிறப்பாக அருந்ததியர், அழைத்துவரப்பட்டனர். கண்டியில் மகியாவ என்னும் இடத்து லயங்களில் இவர்கள் பரம்பரையாக வாழ்ந்து வந்துள்ளனர். தோட்டத் தொழிலாளரைப் பற்றி நமது ஆய்வாளர்கள் எழுதியவை ஒரு நூல்நிலையத்தையே நிரப்பும். நகரசுத்தித் தொழிலாளரைப் பற்றி எழுதியவை ஒரு தட்டையும் நிரப்பா. முற்போக்காளர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியபோது, இந்திய வம்சாவளியினரான இவர்களும் அதே கத்திக்கு இரையாகினர். நகரத்தைத் துப்புரவாக்கியோருக்கு அந்நகரத்தில் வாக்கில்லை. மாநகர சபைகள் கட்டளைச்சட்டம் வந்த அதே 1947 இலேயே, ஆலப்புழையின் தோட்டிகளைப் பற்றித் தகழி சிவசங்கரப்பிள்ளை எழுதிய மலையாள நாவல் வெளிவந்தது. 'தோட்டியின் மகன்' எனச் சுந்தர ராமசாமி அதனைத் தமிழாக்கினார். தொழில் மகனுக்கும் இறங்கும் அந்தக் கொடுமை பாக்குநீரிணையின் இருகரையிலும் ஒன்றுதான்.

இரண்டாவதாக, அது தாழ்நிலத்தைக் கொண்டு நிரப்பப்பட்டது. 'நிரப்புதல்' என்பது இங்கு நேர்ப்பொருளிலேயே உண்மையாகும். கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் குப்பையால் மேடாக்கப்பட்டன. இவ்விடத்திலேதான் தொடர்மாடியின் வரலாறு கழிவின் வரலாற்றோடு பின்னிக்கொள்கின்றது.

1973 ஆம் ஆண்டிலே தொடர்மாடி ஆதனங்களின் உரிமை பற்றிய சட்டமும் பொது வசதிகள் சபைச் சட்டமும் இயற்றப்பட்டன. ஒருவர் நிலமின்றியே வீடொன்றுக்கு உரித்தாளராகலாம் என்ற புதுமையை அவை ஏற்படுத்தின. படிக்கட்டு, கூரை, நீர்த்தாங்கி முதலியவை அனைவருக்கும் பொதுவானவையாயின. பின்னர் 2003 ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சபையைக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையாக்கியது. வளவு இல்லாத வீட்டிலே குப்பைக்கும் பொது இடமே கதி. ஆயின் எல்லோருக்கும் பொதுவான மூலை எவருடைய பொறுப்பிலும் இல்லாத மூலையாவதைத் தொடர்மாடிகளில் வாழ்ந்தோர் நன்கறிவர். உடைந்த அலுமாரி முதலிற் படிக்கட்டின் திருப்பத்துக்கு வரும். சில வாரங்களின்பின் வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கும். பின்னொருநாள் இரவோடிரவாக ஒரு கால்வாய்க் கரையைச் சேரும். உயர்ந்த கட்டடங்களிற் குப்பையை மேலிருந்து கீழே போடுவதற்கென அமைக்கப்படும் குழாய் இன்னுமொரு தீங்கு செய்தது. மீன்செதிலும் மின்குமிழும் ஒரே வழியாக இறங்கி, அடியில் ஒரே குவியலாயின. தரம்பிரித்துக் கொடுக்குமாறு அறிவித்தல் ஒட்டுவது எளிது. கட்டடத்தின் அமைப்பே கலக்கும்படி செய்திருக்கையில் அறிவித்தலாற் பயன் சிறிதே.

எனினும் கழிவு முழுவதும் குவியலுக்குச் செல்வதில்லை. தெருத்தெருவாக வந்து பழைய போத்தலும் பத்திரிகையும் வாங்குவோர், இரும்புக்கடைகள், சபையின் வண்டியிலேயே செம்பையும் அலுமினியத்தையும் பிரித்தெடுக்கும் தொழிலாளர் ஆகியோரைக் கொண்ட ஒரு மீள்சுழற்சிப் பொருளாதாரம் நீண்டகாலமாக இயங்கி வருகின்றது. சட்டத்தின் எழுத்தின்படி சேர்க்கப்பட்ட குப்பை சபையின் சொத்தாகையால், குறைந்த கூலியை ஈடுசெய்யத் தொழிலாளி பிரித்தெடுக்கும் ஒரு துண்டுச் செம்பும் சட்டத்தின் விளிம்பிலேயே நிற்கின்றது. சுற்றாடலுக்கு அவர் செய்யும் தொண்டுக்குக் களவு என்ற பெயர் வரக்கூடும்!

இப்பொருளாதாரத்தின் விதி ஒன்றே: விலையுள்ளது திரும்பிச் செல்லும். மோட்டார் வாகனப் பற்றறியில் ஈயம் உண்டு, ஈயத்துக்கு விலையுண்டு. ஆகையால் அது குப்பையில் அரிதாகவே காணப்படும். அதனைக் கொல்லைப்புறத்தில் உருக்குவோரின் பிள்ளைகளின் இரத்தத்தில் அந்த ஈயம் சேர்வது வேறு கதை. குழல்விளக்கிலும் சிக்கன மின்குமிழிலும் உள்ள பாதரசம் மிகச் சிறிதளவானது. அதற்கு வாங்குவோர் இல்லை. காலாவதியான மருந்து, நிறப்பூச்சு மிச்சம், சிறு பற்றறி ஆகியவற்றின் நிலையும் இதுவே. நச்சுத்தன்மை மிக்கவை விலையற்றனவாகவும், விலையற்றவை பொதுக்குவியலைச் சேர்வனவாகவும் அமைந்தமை சந்தையின் தர்க்கமாகும். 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 2008 இல் வெளியான ஒழுங்குவிதிகள் அபாயகரக் கழிவுகளை அட்டவணைப்படுத்தி, அவற்றைக் கையாள்வோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென விதித்தன. தொழிற்சாலையை மனத்திற் கொண்டெழுந்த ஏற்பாடு அது. தொழிற்சாலைகளின் அபாயகரக் கழிவிற் சில புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் எரிக்கப்படுகின்றன. நான்காம் மாடியில் வசிக்கும் ஓய்வூதியரின் கையிலுள்ள உடைந்த வெப்பமானி அந்தச் சூளைக்குச் செல்லும் வழி எதுவுமில்லை.

இத்தகைய குவியலின் இறுதி விளைவை மீதொட்டமுல்லையிற் கண்டோம். புளூமெண்டால் குப்பைமேடு 2009 இல் மூடப்பட்டபின் கொழும்பு நகரத்தின் கழிவு கொலன்னாவைப் பிரதேசத்துத் தாழ்நிலமாகிய மீதொட்டமுல்லைக்குச் சென்றது. அங்கிருந்தோர் ஆண்டுக்கணக்கிற் போராடினர். நீதிமன்றம் வரை சென்றனர். 2017 ஏப்ரில் 14, புத்தாண்டு தினத்தன்று, மேடு சரிந்தது. 32 பேர் மாண்டனர். வீடிழந்த குடும்பங்கள் பல தொடர்மாடிகளிற் குடியேற்றப்பட்டன. நகரத்தின் குப்பையால் நிலம் பறிக்கப்பட்டோர், நிலமற்ற மாடிவாசிகளாகித் தாமும் அந்நகரத்தின் குப்பை வண்டிக்குக் காத்திருப்போராயினர். 2001 இல் வனாத்தமுல்லையில் எழுந்த சகஸ்புர முதற்கொண்டு, கொழும்பின் சேரிவாழ் மக்களை உயர்மாடிகளுக்கு மாற்றும் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் இக்கேள்வி பொருந்தும்: ஒருவரின் நிலத்தை விடுவித்து முதலீட்டாளருக்கு வழங்கும்போது, அவரது கழிவுக்கான நிலத்தை யார் வழங்குவது?

இதே தர்க்கம் நாடுகளுக்கிடையிலும் செயற்பட்டமைக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2017 முதல் பிரித்தானியாவிலிருந்து நூற்றுக்கணக்கான கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தை வந்தடைந்தன. மீள்சுழற்சிக்கான பாவித்த மெத்தை, கம்பளம் என்பதே பத்திரங்களிற் குறிப்பிடப்பட்டிருந்தது. உள்ளே மருத்துவக் கழிவுகளும் இருந்ததாகச் சுங்க அதிகாரிகள் அறிவித்தனர். அபாயகரக் கழிவுகளின் எல்லைகடந்த நகர்வு பற்றிய பாசல் உடன்படிக்கையை இலங்கை 1992 இலேயே ஏற்றிருந்தது. சுற்றாடல் இயக்கத்தினர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். 2020 செப்டெம்பரில் தொடங்கி 2022 பெப்ரவரி வரை 263 கொள்கலன்கள் திருப்பியனுப்பப்பட்டன. இலண்டன் மாடிவாசியின் பழைய மெத்தை கொழும்பின் தாழ்நிலத்தைத் தேடி வந்ததும், கொழும்பு மாடிவாசியின் மெத்தை கொலன்னாவையைத் தேடிச் சென்றதும் ஒரே இயக்கத்தின் இரு நிலைகள் எனலாம். முன்னையதைத் திருப்பியனுப்ப ஓர் உடன்படிக்கை இருந்தது. பின்னையதற்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

மலைநாட்டில் இவ்வியக்கம் நீரின் வழியாக நிகழ்கின்றது. பேராதனையைக் கடந்து வடக்கே திரும்பும் மகாவலியின் கரையில், கட்டுகஸ்தோட்டையை அடையுமுன், கொஹாகொடையில் கண்டி நகரத்தின் குப்பைமேடு பல பத்தாண்டுகளாக இருந்து வருகின்றது. மழைநீர் குவியலினூடாக இறங்கும்போது, அழுகும் பொருளால் அமிலத்தன்மையடைந்து, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கசிநீராக வெளிவருகின்றது. உணவு மிச்சமும் பற்றறியும் தனித்தனியே கிடந்தால் இத்துணைத் தீங்கு விளையாது. இரண்டும் கலந்தமையே கேட்டுக்குக் காரணம். கொஹாகொடைக் கசிநீரிற் பார உலோகங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். அந்த ஆற்றின் நீரில் ஒரு பகுதி, 1976 முதல், பொல்கொல்லை அணையிலே மறிக்கப்பட்டு, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் ஊடாக மாத்தளை மாவட்டத்து உக்குவளைக்குத் திருப்பப்படுகின்றது. அங்கிருந்து சுதுகங்கை வழியாக அம்பன் கங்கையைச் சேர்ந்து, மொறகஹகந்த நீர்த்தேக்கத்தை அடைகின்றது.

புதிய லக்கல நகரமும் பிரதேச சபைகள் சட்டத்தின் 93, 94, 95 ஆம் பிரிவுகளுக்கு உட்பட்டதே. அங்கே கடைகள் வந்துள்ளன. பொலித்தீனும் பற்றறியும் மின்குமிழும் வந்துள்ளன. பழைய பல்லேகமவின் வளவுகளை மூடி நிற்கும் நீரோ, அம்பன் கங்கை வடிநிலத்திலே கொஹாகொடையைக் கடந்துவந்த நீரோடு கலந்து, கீழே உள்ள நெல்வயல்களுக்குச் செல்கின்றது.