ஸ்கவுட்டும் ரோயும்

ஆசிரிய கலாசாலையில் பயின்ற காலத்தில் ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' நாவலை வாசித்தேன். 1930களின் அலபாமாச் சிற்றூரொன்றில், வெள்ளைப் பெண்ணொருத்தியைக் கெடுத்ததாகப் பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட கறுப்பினத்தவருக்காக ஒரு வெள்ளை வழக்கறிஞர் வாதாடுகிறார். கதையைச் சொல்பவள் அவரது சிறுமகள் ஸ்கவுட். தீர்ப்பைக் கேட்டு அக்குழந்தைகளின் உலகம் உடைவதைப் பற்றித்தான் அன்று பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதினேன். அக்குறிப்பு இன்று எனக்கு உவப்பாக இல்லை.

அதே அலபாமாவில், 1931 மார்ச் 25ஆந் திகதி, சரக்கு ரயிலொன்றில் வந்த கறுப்பினப் பையன்கள் ஒன்பது பேர் பிடிபட்டார்கள். அதே விதமான குற்றச்சாட்டு. நாவலுக்கு இவ்வழக்கே மூலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்கொட்ஸ்பரோ நகரில், வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரிகளின் முன் நான்கே நாட்களில் விசாரணைகள் முடிந்தன. எட்டுப் பேருக்கு மரணதண்டனை. எஞ்சியவன் ரோய் ரைட். வயது ஏறத்தாழப் பதின்மூன்று. சிறுவன் என்பதால் அரச தரப்பே ஆயுள்தண்டனைதான் கேட்டது. ஜூரிகளிற் சிலரோ மரணமே வேண்டுமென்று விடாப்பிடியாக நின்றதால் தீர்ப்பு ஏற்படவில்லை.

முறைப்பாடு செய்த இரு பெண்களில் ஒருத்தி, தான் சொன்னது பொய்யென 1933இல் நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டாள். கறுப்பினத்தவரை ஜூரிகளாக எடுக்காமல் ஒதுக்கியது தவறென 1935இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரோய் விடுவிக்கப்பட்டதோ 1937இல்தான். ஆறு ஆண்டுகள் மறுவிசாரணையின்றியே சிறையில் கிடந்தான். ஸ்கவுட் தெருவில் விளையாடிய வயதுக்குச் சற்றே மூத்தவன். அவனுடைய பிள்ளைப்பருவத்தைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

ரோய் 1959இல் இறந்தார். நாவல் வெளிவந்தது 1960இல்.